ஒளிவழியும் மொழியும்: சிங்கப்பூர்த் தொலைக்காட்சியில் தமிழின் இடம்

சிங்கப்பூரில் தமிழ்த் தொலைக்காட்சியின் வரலாற்றைக் கூற முற்படுவோர் பெரும்பாலும் அதனை ஒரு வளர்ச்சிக் கதையாகவே கூறுவர். நாளொன்றுக்குச் சிறு பொழுதே கிடைத்த நிலையிலிருந்து தனக்கென ஓர் ஒளிவழியைப் பெறும் நிலைக்குத் தமிழ் உயர்ந்தது என்பது அக்கதையின் சாரம். இது பொய்யன்று. ஒளிபரப்பு நேரத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டால் 1963க்கும் 2008க்கும் இடையில் நிகழ்ந்தது வளர்ச்சியே. ஆயினும், நேரத்தின் அளவைக் கணக்கிடும் ஆய்வு மற்றொரு வினாவைக் கேட்கத் தவறிவிடுகிறது. தமிழ் எந்த மொழியின் அருகில் அமர்த்தப்பட்டது? அவ்விடத்திலிருந்து அது பெயர்க்கப்பட்டபோது, அப்பெயர்ச்சி எவருடைய தேவையைக் கருதி நிகழ்ந்தது? இவ்வினாக்களை முன்னிறுத்தி நோக்கின், ஏறத்தாழ 45 ஆண்டுக்கால வரலாறு வேறொரு வடிவம் கொள்கிறது.

இங்கு ‘ஒளிவழி’ என்னும் சொல் வெறும் தொழில்நுட்பப் பொருளில் ஆளப்படவில்லை. பன்மொழி நாடொன்றில் பொது ஒளிபரப்பு நிறுவனம் தன் ஒளிவழிகளை மொழிகளுக்குப் பங்கிடும் முறை, அந்நாட்டின் மொழிக்கொள்கையை ஒவ்வொரு வீட்டின் கூடத்திலும் நாள்தோறும் காட்சிப்படுத்துவதாகும். சட்டத்தில் நான்கு மொழிகளும் சமம் என எழுதிவிடலாம். மாலை எட்டு மணியை நான்காகப் பகுக்க இயலாது.

ஒரே திரை, நான்கு மொழிகள்

1963 பிப்ரவரி 15ஆம் நாள் மாலை, அன்றைய கலாசார அமைச்சர் சி. இராசரத்தினம் திரையில் தோன்றித் தொலைக்காட்சியின் முன்னோட்டச் சேவையைத் தொடங்கிவைத்தார். விக்டோரியா நினைவு மண்டபத்தில் கூடியிருந்த பிரமுகர்கள் அதனைக் கண்டனர். அன்றைய ஒளிபரப்பு ஒரு மணி நாற்பது நிமிடங்களே நீடித்தது. முறையான சேவை ஏப்ரல் 2ஆம் நாள், யாங் டி பெர்துவான் நெகாரா பதவி வகித்த யூசோஃப் இஷாக் அவர்களால் தொடங்கப்பெற்றது. யாழ்ப்பாணத்து வட்டுக்கோட்டையில் பிறந்து, சிரம்பானில் வளர்ந்து, ஆங்கிலத்தில் எழுதிப் புகழ்பெற்ற ஒருவரே இத்தீவின் தொலைக்காட்சித் திரையில் முதன்முதலாகத் தோன்றினார் என்பதைத் தமிழாசிரியர்கள் பெருமிதத்துடன் குறிப்பிடுவதுண்டு. ஆனால் இராசரத்தினத்தின் நோக்கில் தொலைக்காட்சி எந்த ஓர் இனத்துக்கும் உரிய கருவியன்று. வெவ்வேறு இனத்தாரை ஒரே மக்களாக்கும் கருவியாகவே அவர் அதனைக் கருதினார். பிற்காலத்து ஒளிவழிப் பங்கீட்டை மதிப்பிடும்போது இவ்வேறுபாட்டை நினைவில் கொள்ளுதல் வேண்டும்.

தொடங்கப்பெற்ற காலச்சூழலும் நோக்கத்தக்கது. முன்னோட்டச் சேவைக்கு இரு வாரங்களுக்கு முன்னரே, பிப்ரவரி 2ஆம் நாள், ‘கோல்ட்ஸ்டோர்’ எனப்படும் பாதுகாப்பு நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோர் கைது செய்யப்பட்டிருந்தனர். அவ்வாண்டு செப்டம்பர் 16ஆம் நாள் மலேசியா உருவானது. ஒலிபரப்பு மத்திய அரசின் அதிகாரத்துக்கு உட்பட்ட துறையாகியது. எனினும், சிங்கப்பூரில் அதன் அன்றாட நிருவாகத்தை மாநில அரசே நடத்துதற்கான ஏற்பாடு மலேசிய உடன்படிக்கையின் தனி இணைப்பொன்றில் வகுக்கப்பட்டிருந்தது. ஓர் உடன்படிக்கை வானொலிக்கும் தொலைக்காட்சிக்கும் தனி இணைப்பை ஒதுக்கியது, இவ்வூடகங்களை இரு தரப்பினரும் எவ்வளவு கூர்மையாகக் கவனித்தனர் என்பதற்குச் சான்று. 1965 ஆகஸ்டு 9ஆம் நாள் பிரிவினையை அறிவித்து லீ குவான் இயூ கண்ணீர் சிந்திய செய்தியாளர் கூட்டமும் தொலைக்காட்சி நிலையத்தில்தான் நடைபெற்றது.

முதல் சில மாதங்களில் இருந்தது ஐந்தாம் ஒளிவழி ஒன்றே. நான்கு மொழிகளும் அதன் மாலைப்பொழுதைப் பகிர்ந்துகொண்டன. 1963 நவம்பர் 23ஆம் நாள் எட்டாம் ஒளிவழி முறையாகத் தொடங்கப்பெற்றதும் பங்கீடு மாறியது. ஐந்தாம் ஒளிவழி மலாய், ஆங்கிலம் ஆகியவற்றுக்கும், எட்டாம் ஒளிவழி சீனம், தமிழ் ஆகியவற்றுக்கும் முதன்மையாக ஒதுக்கப்பட்டன.

இவ்விணைப்பு எவ்வகை உறவையும் அடிப்படையாகக் கொண்டதாகத் தெரியவில்லை. சீனத்துக்கும் தமிழுக்கும் இடையே மொழியுறவும் இல்லை, பார்வையாளர் பொதுமையும் இல்லை. மலாய் தேசிய மொழி. ஆங்கிலம் நிருவாக மொழி. அவ்விரண்டும் ஒருபுறம் சேர்ந்ததால் எஞ்சிய இரண்டும் மறுபுறம் சேர்ந்தன என்றே கொள்ளவேண்டியுள்ளது. 1970ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியர் மக்கள்தொகையில் சுமார் 7 விழுக்காட்டினர். அவருள்ளும் தமிழர் ஒரு பகுதியினரே. சீனரோ முக்கால் பங்கினர். இத்தகைய இருவர் ஒரு வீட்டைப் பகிர்ந்துகொள்ளும்போது வாடகை கேட்கப்படாதவரை சிறியவருக்குச் சிக்கல் எழுவதில்லை. வாடகை கேட்கப்படும் காலம் பின்னர் வந்தது.

எட்டாம் ஒளிவழியின் ஆண்டுகள்

இன்றைய தலைமுறையினர்க்கு விளக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. 1960களிலும் 1970களிலும் தொலைக்காட்சி பார்ப்பது தனியொருவர் செயலன்று. பெட்டியின் விலை பல குடும்பங்களுக்கு எட்டாததாக இருந்தது. சமூக நிலையங்களில் வைக்கப்பட்ட பெட்டியின்முன் அக்கம்பக்கத்தார் கூடிப் பார்த்தனர். கம்பத்து வீடுகளிலும், பின்னர் எழுந்த அடுக்குமாடி வீடுகளிலும், பெட்டி இருந்த வீட்டுக்கு இல்லாத வீட்டுப் பிள்ளைகள் சென்று அமர்ந்தனர். மேலும், திருப்புவதற்கு இரண்டு ஒளிவழிகளே இருந்தன. தொலைவிலிருந்து மாற்றும் கருவியும் கையில் இல்லை.

இச்சூழலில் ஒரு மொழியின் நிகழ்ச்சிக்கு இருவகைப் பார்வையாளர் அமைகின்றனர். அம்மொழியை நாடி வருபவர் ஒரு வகையினர். முந்திய நிகழ்ச்சியை முடித்துவிட்டோ, அடுத்த நிகழ்ச்சிக்குக் காத்துக்கொண்டோ திரையின்முன் இருப்பவர் மற்றொரு வகையினர். இரண்டாம் வகையினரை ‘வழிப்போக்குப் பார்வையாளர்’ எனலாம். சீன நிகழ்ச்சிக்காக எட்டாம் ஒளிவழியைத் திறந்து வைத்த வீட்டில் தமிழ்ச் செய்தியின் குரல் சில நிமிடங்களாவது ஒலித்தது. தீபாவளி நாளில் ஒளியேறும் தமிழ்ப் படம் பிறமொழியாரின் கண்ணிலும் பட்டது. அவர்கள் அதனை விரும்பிப் பார்த்தனர் என்று மிகைப்படுத்தத் தேவையில்லை. தமிழ் என்றொரு மொழி இந்நாட்டில் செய்தி கூறும் தகுதியுடன் இருக்கிறது என்பதை அவர்களால் அறியாமல் இருக்க இயலவில்லை என்பதே இங்கு முக்கியம். அதிகாரத்துவ மொழி என்னும் தகுதி, அம்மொழியைப் பேசாதவர் அதனைக் காணும் இடத்தில்தான் பொருள் பெறுகிறது.

செய்தியறிக்கையின் பணி இதனினும் ஆழமானது. புதிய அரசு ஆண்டுதோறும் புதிய அமைப்புகளையும் திட்டங்களையும் தோற்றுவித்தது. அவற்றின் பெயர்கள் ஆங்கிலத்தில் பிறந்தன. அன்று மாலையே அவற்றைத் தமிழில் கூறியாக வேண்டும் என்னும் நெருக்கடி வானொலி, தொலைக்காட்சிச் செய்திப் பிரிவினர்க்கும் ‘தமிழ் முரசு’ நாளேட்டினர்க்கும் உரியது. மத்திய சேமநிதி, வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், அதன் சுருக்கமாகிய வீவக, தேசிய சேவை, 1987இல் ஓடத் தொடங்கிய பெருவிரைவு ரயில், 1988இல் தேர்தலில் அறிமுகமான குழுத்தொகுதி ஆகிய சொற்கள் இன்று மாணவர் கட்டுரைகளில் இயல்பாக வருகின்றன. இவற்றுள் எதனை எவர் முதலில் ஆண்டார் எனப் பிரித்துக் கூறுதல் எளிதன்று. நாளேடும் வானொலியும் தொலைக்காட்சியும் ஒன்றையொன்று பின்பற்றின. ஆனால் அச்சில் பார்த்த சொல்லை அன்றிரவே நேர்த்தியான உச்சரிப்புடன் கேட்கும் வாய்ப்பை அளித்தவை ஒலிபரப்பும் ஒளிபரப்புமே. தமிழகத்தில் வேறு சொல் வழங்குமிடத்தும் சிங்கப்பூர்த் தமிழ் தன் சொல்லைத் தயக்கமின்றி ஆள்வதற்கு இந்த அன்றாடப் பயிற்சி பெரிதும் துணைநின்றது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து.

அதே ஆண்டுகளில் தமிழ்வழிக் கல்வி தேய்ந்துகொண்டிருந்தது என்பதையும் சேர்த்து நோக்குதல் வேண்டும். தமிழை ஊடகமொழியாகக் கொண்ட ஒரே உயர்நிலைப் பள்ளியாகிய உமறுப்புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளி 1982இல் மூடப்பட்டது. 1987இல் அனைத்துப் பள்ளிகளும் ஆங்கிலத்தை முதன்மைப் பயிற்றுமொழியாகக் கொண்டன. அறிவியலையும் வரலாற்றையும் தமிழில் கேட்கும் வாய்ப்பு வகுப்பறையிலிருந்து நீங்கியபின், பொருளாதாரம், நோய்த்தடுப்பு, வெளிநாட்டுப் போர் ஆகியவற்றை ஒரு சிறுவன் தமிழில் கேட்கக்கூடிய இடமாகச் செய்தியறிக்கை எஞ்சியது. பள்ளி இழந்த ஒரு பகுதியைத் தொலைக்காட்சி எவரும் பணிக்காமலேயே சுமந்தது.

இடையே நிகழ்ந்த தொழில்நுட்ப, நிருவாக மாற்றங்களை விரிக்க வேண்டுவதில்லை. கால்டிகாட் குன்றில் தொலைக்காட்சி நிலையம் 1966 ஆகஸ்டில் திறக்கப்பெற்றது. 1974இல் வண்ண ஒளிபரப்பு வந்தது. அவ்வாண்டு ஜூலை 7ஆம் நாள் நடைபெற்ற உலகக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நேரடியாக வண்ணத்தில் காட்டப்பெற்றது. 1980 பிப்ரவரியில் சிங்கப்பூர் ஒலிபரப்புக் கழகம் சட்டபூர்வக் கழகமாக அமைந்தது. இவற்றுள் இறுதியாகக் கூறப்பட்டதே நம் பொருளுக்கு நெருக்கமானது.

வாடகை கேட்கப்பட்ட காலம்

1979 செப்டம்பரில் தொடங்கிய மாண்டரின் பேசும் இயக்கம் தமிழைப் பற்றியதன்று. ஆயினும் தமிழின் இடத்தை மாற்றிய நிகழ்வுகளுள் அதனையே முதலில் வைக்கவேண்டும். அதுவரை எட்டாம் ஒளிவழியின் சீன நேரம் ஹொக்கியன், கான்டனீஸ், மாண்டரின் என்று பிளவுபட்டிருந்தது. அடுத்த சில ஆண்டுகளில் கிளைமொழி நிகழ்ச்சிகள் படிப்படியாக நீக்கப்பட்டன. ஹாங்காங்கிலிருந்து வந்த கான்டனீஸ் தொடர்கள் மாண்டரினில் குரல்மாற்றம் செய்யப்பட்டன. 1982இல் கழகம் உள்ளூரிலேயே மாண்டரின் நாடகங்களைத் தயாரிக்கத் தொடங்கியது. 1984இல் ஒளியேறிய, சீனக் குடியேறிகளின் வாழ்வைச் சித்திரித்த நெடுந்தொடர் பெரும் வரவேற்பைப் பெற்றது. எட்டாம் ஒளிவழி ஒரு மொழியின் கொடிக்கப்பலாக உருமாறியது.

சட்டபூர்வக் கழகம் என்பது அமைச்சின் ஒரு பிரிவு போன்றதன்று. அது விளம்பர வருவாயைக் கருதவேண்டும். நாடெங்கும் பார்க்கப்படும் மாண்டரின் தொடர்களுக்கு இடையில் அமைந்த தமிழ் நேரம், கணக்கர் பார்வையில், விளம்பரதாரர் விலகிச்செல்லும் இடைவெளியாகத் தோன்றியிருத்தல் இயல்பே. தமிழ்ச் செய்தியின்போது பார்வையாளர் ஒளிவழியை மாற்றினால், அவரை மீண்டும் அழைத்துவருவது கடினம். முன்னர் வழிப்போக்குப் பார்வையாளரை உருவாக்கிய அதே அண்மை, இப்போது நிறுவனத்துக்குச் சுமையாயிற்று.

1984 ஜனவரி 31ஆம் நாள் தொடங்கப்பெற்ற பன்னிரண்டாம் ஒளிவழி இச்சிக்கலுக்கு ஒரு திறப்பாக அமைந்தது. அது முதலில் கலை, ஆவணப்படம் முதலிய சிறு தொகையினரின் நாட்டங்களுக்கு உரியதாக இருந்தது. 1994 தொடக்கத்தில் ஐந்தாம் ஒளிவழி முழுமையாக ஆங்கிலத்துக்கு உரியதாயிற்று. அவ்வாண்டு அக்டோபர் முதல் நாள் ஒலிபரப்புக் கழகம் நிறுவனமயமாக்கப்பட்டுப் பல நிறுவனங்களாகப் பிரிந்தது. 1995 செப்டம்பரில் பன்னிரண்டாம் ஒளிவழி ‘பிரைம் 12’, ‘பிரிமியர் 12’ என இரண்டாகியது. மலாய் நிகழ்ச்சிகளும் தமிழ் நிகழ்ச்சிகளும் பிரைம் 12இல் ஒருங்கே அமைந்தன. 1990களின் நடுப்பகுதிக்குள் ஐந்தும் எட்டும் ஒருமொழி ஒளிவழிகளாகிவிட்டன. தேசிய மொழியும் தமிழும் ஒரே கூரையின்கீழ் வந்து சேர்ந்தன.

இது வெளியேற்றமா, வளர்ச்சியா? இரண்டுமே எனலாம். பிரைம் 12 தமிழுக்கு முன்னைவிட நெகிழ்வான நேரத்தையும் உள்ளூர்த் தயாரிப்புக்குக் கூடுதல் வாய்ப்பையும் அளித்தது. ஆனால் முக்கால் பங்கு மக்கள் நாள்தோறும் பார்க்கும் திரையிலிருந்து தமிழ் அகன்றது இப்போதுதான். சிங்கப்பூர்த் தமிழ்த் தொலைக்காட்சி வரலாற்றில் திருப்புமுனை எது எனக் கேட்டால் பெரும்பாலோர் 2008ஐச் சுட்டுவர். இக்கட்டுரையாளர் 1990களின் நடுப்பகுதியையே சுட்டுவார்.

பெயர் பெற்ற நேரம்

2000 ஜனவரி 30ஆம் நாள் பிரைம் 12 ‘சூரியா’ என்னும் பெயருடன் முழு மலாய் ஒளிவழியாயிற்று. மலாய்ச் சமூகம் நெடுநாள் வேண்டியிருந்த ஒன்று நிறைவேறியது. அதன் விளைவாகத் தமிழ் மீண்டும் இடம்பெயர்ந்தது. பிரிமியர் 12 ‘சென்ட்ரல்’ எனப் பெயர்மாற்றம் பெற்று, தன் பொழுதைக் குழந்தைகளுக்குக் ‘கிட்ஸ் சென்ட்ரல்’, தமிழருக்கு ‘வசந்தம் சென்ட்ரல்’, கலையார்வலருக்கு ‘ஆர்ட்ஸ் சென்ட்ரல்’ என மூன்றாகப் பகுத்துக்கொண்டது. எட்டாம் ஒளிவழியிலிருந்து தமிழ் நீங்கியதை மாண்டரினின் தேவை விளக்குகிறது. பிரைம் 12இலிருந்து நீங்கியதை மலாயின் தேவை விளக்குகிறது. இரண்டு பெயர்ச்சிகளிலும் தமிழ் எழுவாயாக இல்லை, செயப்படுபொருளாகவே இருந்தது என்று இலக்கணம் கற்பிப்போர்க்குக் கூறினால் எளிதில் விளங்கும்.

ஆயினும் இம்முறை ஒரு புதுமை நிகழ்ந்தது. தமிழ் நேரம் ஒரு பெயரைப் பெற்றது. அதுவரை ‘தமிழ் நிகழ்ச்சிகள்’ என்னும் பொதுச்சொல்லால் சுட்டப்பட்டவை ‘வசந்தம்’ ஆயின. பெயர் வந்ததும் முகங்கள் வந்தன. முகங்கள் வந்ததும் விழா வந்தது. உள்ளூர்த் தமிழ்க் கலைஞர்களைப் பாராட்டும் ‘பிரதான விழா’ 2001இல் தொடங்கியது. தமிழ்நாட்டுத் திரைப்பட நடிகரையன்றி வேறு நட்சத்திரங்களை அறியாதிருந்த ஒரு சமூகத்தில், தோ பாயோவிலும் ஈசூனிலும் வாழும் இளைஞர் ஒருவர் அடையாளம் காணப்பெற்றுக் கையொப்பம் கேட்கப்படும் நிலை உருவானது. இதனைச் சிறிதாக எண்ணுதல் தவறு. ஒரு மொழிக்கு உள்ளூரில் முகம் இருக்கிறதா என்பதைப் பதின்ம வயதினர் உடனே கண்டுகொள்வர்.

அதே காலத்தில் நிகழ்ந்த மற்றொரு செய்தி, தமிழ்த் தொலைக்காட்சி எதன்மேல் நிற்கிறது என்பதை மிகத் தெளிவாகக் காட்டிற்று. ஒளிபரப்பில் போட்டியை அனுமதிப்பதென அரசு முடிவு செய்ததையடுத்து, சிங்கப்பூர்ப் பிரஸ் ஹோல்டிங்ஸ் குழுமத்தின் மீடியாவொர்க்ஸ் நிறுவனம் 2001 மே மாதத்தில் இரண்டு ஒளிவழிகளைத் தொடங்கியது. ‘சேனல் யூ’ மாண்டரினிலும், மற்றொன்று ஆங்கிலத்திலும் அமைந்தன. சந்தை தானாக முன்வந்தபோது அது தேர்ந்தெடுத்த மொழிகள் அவை இரண்டே. அந்த இரண்டுக்குமே இடம் போதாமல், 2004ஆம் ஆண்டின் இறுதியில் மீடியாவொர்க்ஸின் தொலைக்காட்சித் தொழில் மீடியாகார்ப்புடன் இணைக்கப்பட்டது. ஆங்கில ஒளிவழி மூடப்பட்டது. நான்கு மொழிகளில் ஒளிபரப்புவது பொதுச்சேவைக் கடப்பாடு என்னும் கொள்கையும், அதற்கு அரசு வழங்கும் நிதியும் இல்லையேல் வசந்தம் இல்லை. வீட்டுக்கு ஆண்டுக்கு 110 வெள்ளியாக இருந்த தொலைக்காட்சி உரிமக் கட்டணம் 2011இல் நீக்கப்பட்டபின், இச்செலவை அரசின் வரவுசெலவுத் திட்டமே நேரடியாக ஏற்கிறது.

மலேசியாவுடன் ஒப்புநோக்கினால் இது மேலும் விளங்கும். அங்கு 1963 டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கிய அரசுத் தொலைக்காட்சி, 1969 நவம்பர் 17ஆம் நாள் இரண்டாம் ஒளிவழியைப் பெற்றது. மலேசிய வானொலி தொலைக்காட்சி நிலையம் தமிழுக்குத் தனி ஒளிவழி எதனையும் தோற்றுவிக்கவில்லை. டிவி2இல் தமிழ் பிற மொழிகளுடன் நேரத்தைப் பகிர்ந்துகொண்டது. தனித் தமிழ் ஒளிவழியை அங்கு அளித்தது 1996இல் தொடங்கிய கட்டண ஒளிபரப்பாகிய ஆஸ்ட்ரோவின் ‘வானவில்’. எண்ணிக்கையில் பெரிய மலேசியத் தமிழ்ச் சமூகம் ஒரு சந்தையாகவும் இருந்தது. சிங்கப்பூர்த் தமிழர் சந்தையாக அமையும் அளவுக்குப் பெருந்தொகையினர் அல்லர். ஒரு நாட்டில் சந்தை தந்ததை மற்றொரு நாட்டில் அரசமைப்பு தந்தது. எது உறுதியானது என்பது விவாதத்துக்குரியது. மாதக் கட்டணம் செலுத்த இயலாத தோட்டப்புற, நகர்ப்புற ஏழைக் குடும்பங்களுக்கு டிவி2இன் பகிர்வு நேரமே கிட்டியது என்பதை மட்டும் மறந்துவிடலாகாது.

தனி வீடும் அதன் விளைவுகளும்

2008 அக்டோபர் 19ஆம் நாள் சென்ட்ரல் பிரிக்கப்பட்டது. ‘வசந்தம்’ தனி ஒளிவழியாயிற்று. குழந்தைகள் நிகழ்ச்சிகளும் கலை நிகழ்ச்சிகளும் ‘ஓக்டோ’ என்னும் மற்றோர் ஒளிவழியாயின. இம்முறை தமிழின் பொருட்டே ஒரு முடிவு எடுக்கப்பட்டது எனத் தயக்கமின்றிக் கூறலாம்.

தனி ஒளிவழி வந்த காலத்தில் வீட்டுமொழியின் நிலை யாது? 2000ஆம் ஆண்டுக் குடிமதிப்பில், இந்தியருள் வீட்டில் பெரும்பாலும் தமிழ் பேசுவோர் 42.9 விழுக்காட்டினர், ஆங்கிலம் பேசுவோர் 35.6 விழுக்காட்டினர். 2010இல் இந்நிலை தலைகீழாகி, தமிழ் 36.7 எனவும் ஆங்கிலம் 41.6 எனவும் ஆயின. 2020இல் இந்தியருள் ஆங்கிலத்தை வீட்டுமொழியாகக் கொண்டோர் ஏறத்தாழ 59 விழுக்காட்டினர். தமிழ்நாட்டிலிருந்தும் பிற இந்திய மாநிலங்களிலிருந்தும் வந்த புதிய குடியேறிகளையும் உள்ளடக்கிய எண்கள் இவை. எனவே, தொலைக்காட்சி நேரம் கூடியதும் வீட்டுத்தமிழ் குறைந்ததும் காரணகாரியத் தொடர்புடையன என வாதிடுதல் பொருந்தாது. ஆனால் ஒளிபரப்பு நேரம் பெருகினால் மொழி தழைக்கும் என்னும் எளிய நம்பிக்கைக்கு இவ்வெண்கள் இடம் தரவில்லை.

தமிழாசிரியர்க்கு நேரடியாகத் தொடர்புடைய மாற்றம் திரையில் ஒலிக்கும் தமிழின் இயல்பில் நிகழ்ந்தது. தொலைக்காட்சியில் தமிழ் கொச்சையாகிவிட்டது என்னும் குறைபாடு நெடுநாளாகக் கேட்கப்படுகிறது. அதற்குத் தயாரிப்பாளரின் பொறுப்பின்மையைக் காரணம் காட்டுவோர் ஒரு கணக்கைப் பார்ப்பதில்லை. நாளொன்றுக்குச் சிறு பொழுதே கிடைத்த காலத்தில் அப்பொழுதின் பெரும்பங்கு செய்திக்குச் சென்றது. செய்தி எழுத்துத்தமிழில் அமைவது. ஆகவே அன்றைய ‘தொலைக்காட்சித் தமிழ்’ என்பது பெரும்பாலும் எழுத்துத்தமிழே. நேரம் பன்மடங்கு பெருகியபோது செய்தியின் அளவு அவ்வாறு பெருகவில்லை. நாடகமும் நேர்காணலும் பல்சுவை நிகழ்ச்சியும் பெருகின. அவை பேச்சுத்தமிழில் அமைவன. திரையில் பேச்சுத்தமிழ் மேலோங்கியது எவருடைய கவனக்குறைவும் அன்று. ஒளிவழி வளர்ந்ததன் நேர்விளைவு.

இதனைக் குறையாகக் கொள்ளவேண்டுமா என்பதும் சிந்திக்கத்தக்கது. 2005இல் வெளிவந்த தமிழ்மொழிப் பாடத்திட்ட, கற்பித்தல்முறை மறுஆய்வுக் குழுவின் அறிக்கை, வகுப்பறையில் திருத்தமான பேச்சுத்தமிழுக்கு இடமளிக்கப் பரிந்துரைத்தது. எழுத்துத்தமிழை மட்டுமே கற்ற மாணவர் எவரிடமும் தமிழில் உரையாட இயலாமல் வெளியேறுகின்றனர் என்னும் உண்மை அதன் பின்னணி. திருத்தமான பேச்சுத்தமிழுக்கு எடுத்துக்காட்டு எங்கே உள்ளது என ஆசிரியர் கேட்டால், வசந்தத்தின் நடப்பு விவகார நிகழ்ச்சிகளையும் நேர்காணல்களையும் சுட்டுதல் கூடும். நாடகங்களின் தமிழ் அத்துணைச் சீரானதன்று. ஆங்கிலச் சொற்கலப்பு மிகுதி. எனினும் அது இந்நாட்டு வீடுகளில் உண்மையில் பேசப்படும் தமிழ். சென்னையிலிருந்து கம்பிவழி வரும் தொடர்களில் ஒலிக்கும் தமிழ், நம் மாணவர்க்குப் புரியக்கூடியதாயினும் அவர்கள் வாயில் அமர்வதில்லை.

சன் முதலிய தமிழ்நாட்டு ஒளிவழிகள் கட்டணச் சேவைகளில் கிடைக்கத் தொடங்கியபின், வசந்தம் எண்ணிக்கையில் அவற்றுடன் போட்டியிட இயலாது. அதனால் செய்யக்கூடியது, அவை செய்யாத ஒன்று. அங் மோ கியோவின் அங்காடி நிலையத்தில் நிகழும் ஒரு சண்டையையோ, தேசிய சேவைக்குச் செல்லும் மகனை வழியனுப்பும் தாயையோ, தொடக்கநிலை இறுதித் தேர்வு முடிவுக்காகக் காத்திருக்கும் குடும்பத்தையோ சென்னை நிறுவனம் படமாக்கப்போவதில்லை. வசந்தத்தின் உள்ளூர் நாடகங்கள் ஆங்கில வசனவரிகளுடன் ஒளியேறுவதும் கவனிக்கத்தக்கது. பிறமொழியார்க்கு வாயிலைத் திறந்து வைப்பதாக அதனைக் கூறலாம். உண்மையில் அவ்வரிகள் பெரிதும் பயன்படுவது தமிழ் விளங்காத தமிழ்ப் பிள்ளைகளுக்கே என்னும் ஐயம் இக்கட்டுரையாளர்க்கு உண்டு.

இங்கு வழிப்போக்குப் பார்வையாளரை மீண்டும் நினைவுகூர்தல் வேண்டும். தனி ஒளிவழியைத் தேடிச்சென்று திறப்பவர் தமிழை நாடுபவர் மட்டுமே. சீன மாணவர் ஒருவர் பன்னிரண்டு ஆண்டுகள் பள்ளியில் பயின்று, திரையில் ஒருமுறையேனும் தமிழ்ச் செய்தியைக் கேளாமல் வெளியேறுதல் இன்று முற்றிலும் இயலும். அவருடைய பெற்றோர் காலத்தில் அது கடினம். நாணயத்தாளிலும் ரயில் நிலைய அறிவிப்பிலும் பார்க்கும் தமிழெழுத்து அவருக்கு ஒரு வடிவமே. அதற்குரிய குரலை அவர் கேட்டதில்லை. நான்கு மொழிகளும் தத்தம் ஒளிவழிகளைப் பெற்றது சமத்துவத்தின் ஒரு பொருள். நான்கும் ஒரே திரையில் ஒன்றையொன்று பொறுத்துக்கொண்டது சமத்துவத்தின் மற்றொரு பொருள். 1963இல் இராசரத்தினம் மனத்திற்கொண்டது இரண்டாவதே எனத் தோன்றுகிறது.

மீடியாகார்ப் 2015 டிசம்பரில் புவன விஸ்தாவுக்கு அருகிலுள்ள ஒன்-நார்த் வட்டாரத்தில் புதிய வளாகத்தைத் திறந்து, கால்டிகாட் குன்றை விட்டு நீங்கியது. 2019 ஜனவரி 2ஆம் நாள் முதல் சிங்கப்பூரில் மின்னிலக்க ஒளிபரப்பு மட்டுமே உள்ளது. இணையவழிப் பார்வை பெருகிய நிலையில் ஒளிவழிகளின் எண்ணிக்கையைக் குறைக்கும் முடிவு எடுக்கப்பட்டபோது, 2019 மே முதல் நாள் ‘ஓக்டோ’ நிறுத்தப்பட்டு அதன் நிகழ்ச்சிகள் ஐந்தாம் ஒளிவழிக்குள் சேர்க்கப்பட்டன. 2000ஆம் ஆண்டில் சென்ட்ரலின் பொழுதைப் பகிர்ந்துகொண்ட மூவருள் குழந்தைகளும் கலையும் இவ்வாறு வேறோர் ஒளிவழியின் விருந்தினராயினர். மூன்றாவதாகிய தமிழைக் கொண்டுசென்று சேர்ப்பதற்கு எந்த ஒளிவழியும் எஞ்சியிருக்கவில்லை; ஐந்து ஆங்கிலத்துக்கும், எட்டு மாண்டரினுக்கும், சூரியா மலாய்க்கும் ஏற்கெனவே முழுமையாக உரியனவாகிவிட்டிருந்தன. வசந்தம் தனியாகவே தொடர்ந்தது.